வட்டத்தில் தொடங்குங்கள்: மார்க் டோனஹ்யூ வழியில் காரைச் செட் செய்வது

கேள்வி: பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறேன். மாணவர்கள் தாங்களே ரேஸ் கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டிக்கான எங்கள் அணியில் சஸ்பென்ஷன் என் பொறுப்பு. ஓட்டுநர்களில் நானும் ஒருத்தி. கேடிஎம் 390 எஞ்சின், செயின் டிரைவ், டிஃபரன்ஷியல் இல்லாமல் இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகச் சுழற்றும் ஆக்சில். வளைவில் நுழையும்போது கார் திரும்ப மறுக்கிறது. வெளியே வரும்போது த்ராட்டிலைத் தொட்டதுமே பின்பக்கம் வெட்டிக்கொண்டு போகிறது. ஸ்பிரிங், டயர் காற்று, ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி) எல்லாம் மாற்றிப் பார்த்தோம். எதனால் என்று பிடிபடவில்லை. அமெரிக்க ரேஸ் ஓட்டுநர் மார்க் டோனஹ்யூ பொறியாளரும் கூட என்று படித்தேன். ஒருவரே இரண்டு வேலையும் பார்ப்பது சரியா? அவருடைய முறையை எங்கள் வசதிக்குள் செய்ய முடியுமா? கார்ட்டிங்கில் வளராத நான் 20 வயதில் தொடங்குவது தாமதமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தில் பதிலின் பாதி இருக்கிறது. ஸ்பிரிங்கையும் காற்றையும் பாரையும் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த மாற்றத்துக்கு எவ்வளவு நேரம் குறைந்தது, எவ்வளவு கூடியது என்று ஓர் எண் கூட இல்லை. டோனஹ்யூவிடம் கற்க வேண்டியது முதலில் இதைத்தான். அவர் காரின் குணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனியாக அளந்தவர். ட்ராக்கில் லேப் நேரத்தை மட்டும் பார்த்தால் பிரேக், திருப்பம், த்ராட்டில், ஓட்டுநரின் அன்றைய மனநிலை எல்லாம் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும். எதைச் சரிசெய்தோம் என்பது தெரியாது.

அவர் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் உதாரணங்களுக்கு அது தேவை. பிறந்தது 1937, நியூ ஜெர்சி மாநிலம். பிரவுன் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்து 1959இல் வெளியே வந்தார். தன் சொந்த கார்வெட்டில் மலையேற்றப் போட்டியில் ஓடத் தொடங்கி, 1961இல் எல்வா கூரியர் என்ற சிறு ஸ்போர்ட்ஸ் காரில் அமெரிக்க அமெச்சூர் தேசியப் பட்டம் வாங்கினார். வால்ட் ஹான்ஸ்கென் என்ற மூத்த ஓட்டுநர் அவரைக் கைதூக்கி விட்டார். 1966இல் ஹான்ஸ்கென் லெ மான் சோதனை ஓட்டத்தில் இறந்த பிறகு ரேஸ் அணி உரிமையாளர் ரோஜர் பென்ஸ்கி டோனஹ்யூவைத் தன் அணிக்கு அழைத்தார். அதற்கப்புறம் ஷெவ்ரோலே கமாரோவில் 1968, 1969 ட்ரான்ஸ்-ஆம் (அமெரிக்கப் பந்தயத் தொடர்) பட்டங்கள், ஏஎம்சி ஜாவ்லினுக்கு 1971 பட்டம், 1972 இண்டியானாபொலிஸ் 500 வெற்றி, 1973 கேன்-ஆம் (ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத் தொடர்) பட்டம். நாஸ்கார், ஃபார்முலா ஒன் இரண்டிலும் ஓடினார். 1975 ஆகஸ்டில், 38 வயதில், ஆஸ்திரியாவில் விபத்துக்குப் பின் இறந்தார்.

அவருடைய முறையின் நடுவில் இருப்பது ஸ்கிட்பேட், அதாவது ஒரு தட்டையான தளத்தில் வரைந்த வட்டம். கமாரோ காலத்தில் ஷெவ்ரோலே பொறியாளர்களிடமிருந்து இதைக் கற்று, பிறகு தொட்ட ஒவ்வொரு காரையும் முதலில் வட்டத்தில் ஓட்டிப் பார்த்தார். ஜெர்மனியில் போர்ஷேயின் வைசாக் மையத்தில் 917/10 காரைத் தயார் செய்தபோதும் அதே வழிதான். வட்டத்தில் பிரேக் இல்லை, கியர் மாற்றம் இல்லை, நுழைவும் வெளியேற்றமும் இல்லை. மிஞ்சுவது டயரும் சஸ்பென்ஷனும் மட்டும். அங்கே கார் சமநிலைக்கு வந்தபின் மிச்சக் குறையை ட்ராக்கில் தேடலாம்.

உங்களுக்கு இது இன்னும் சுலபம். உங்கள் போட்டியிலேயே ஸ்கிட்பேட் ஒரு நிகழ்ச்சி. உள்வட்டம் 15.25 மீட்டர் விட்டம், வெளிவட்டம் 21.25 மீட்டர், நடுவில் 3 மீட்டர் பாதை. கார் நடுவில் போனால் ஆரம் சுமார் 9.1 மீட்டர். பயிற்சிக்கு இதனுடன் இன்னொரு வட்டமும் வரையுங்கள், 15 மீட்டர் ஆரத்தில். இரண்டு வட்டம் ஏன் என்பது உங்கள் குறையின் உயிர்நாடி, கீழே வருகிறேன்.

தளம் தட்டையாக இருக்க வேண்டும். கல்லூரி வாகன நிறுத்துமிடம் பரவாயில்லை, ஆனால் மழைநீர் ஓடுவதற்கு விட்ட சரிவு இருந்தால் வட்டத்தின் ஒரு பாதியில் கார் ஒழுங்காகவும் மறுபாதியில் வழுக்கியும் போகும். அந்த எண்ணை நம்பக் கூடாது. மையத்தில் ஆணி அடித்து ஸ்டீல் டேப்பால் அளந்து சாக்பீஸில் கோடு போடுங்கள். கயிறு இழுத்தால் நீளும். மணலையும் இலையையும் பெருக்கித் தள்ளுங்கள். வட்டத்துக்கு வெளியே குறைந்தது 15 மீட்டர் எல்லாப் பக்கமும் காலியாக இருக்க வேண்டும், கம்பமோ நடைமேடை விளிம்போ ஆட்களோ இல்லாமல். தீயணைப்பான் ஏந்திய ஒருவர் ஓட்டம் முழுவதும் அங்கேயே நிற்க வேண்டும்.

ஓட்டம் இப்படி: ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் நான்கு சக்கர எடையும் எழுதிக்கொள்ளுங்கள். இடது-வலது குறுக்கு எடை சமமாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும் கார் மறுபக்கம் மறுக்கும். நீங்கள் அதை சஸ்பென்ஷன் வடிவமைப்பின் குறை என்று நினைத்து நாள் முழுவதும் அலைவீர்கள். டயர் சூடாக நான்கைந்து சுற்று, பிறகு தொடர்ந்து மூன்று சுற்றின் நேரம், அதே போல எதிர்த்திசையில். மூன்றில் சிறந்ததை எடுக்காதீர்கள், சராசரியை எடுங்கள். மூன்றுக்கும் நடுவில் ஒரு பத்தில் ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஓட்டுநர் இன்னும் நிலைக்கு வரவில்லை. காரைத் தொடாமல் மறுபடி ஓட்டுங்கள்.

நேரத்திலிருந்து பக்கவாட்டு முடுக்கம்: ஆரத்தை 39.5ஆல் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுங்கள், வருவதை 9.81ஆல் வகுத்தால் ஜி கணக்கு, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் எத்தனை மடங்கு என்பது. 15 மீட்டர் ஆரத்தில் 7.0 நொடி என்றால் 1.23 ஜி. 6.9 நொடி என்றால் 1.27. அதாவது பத்தில் ஒரு நொடி மூன்று சதவீதப் பிடிமானம், அது பெரிய மாற்றம். பலர் தவறு செய்யும் இடம் ஆரம். உள்சக்கரம் 15 மீட்டர் கோட்டில் உருண்டால் காரின் நடு 15.6 மீட்டரில் போகிறது. அந்த ஒன்றிலேயே கணக்கு நான்கு சதவீதம் பிசகும். எந்தச் சக்கரம் கோட்டில் போக வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து, எல்லா ஓட்டுநரும் அதையே பின்பற்றுங்கள்.

ஸ்டீயரிங் வீலின் உச்சியில் வெள்ளை டேப் ஒட்டி, பின்னால் கோணமானி வரைந்த அட்டை வைத்து, ஹெல்மெட்டில் மாட்டாமல் ரோல் ஹூப்பில் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் குழாய் வளைவு) கேமரா மாட்டுங்கள். மெதுவாகச் சுற்றும்போது எத்தனை டிகிரி, எல்லை வேகத்தில் எத்தனை டிகிரி என்று குறியுங்கள். வேகம் கூடக் கூட அதிகம் திருப்ப வேண்டியிருந்தால் அண்டர்ஸ்டியர், முன் டயர் முதலில் பிடி விடுகிறது. குறைத்துக்கொண்டே வர வேண்டியிருந்தால் ஓவர்ஸ்டியர், பின் டயர் முதலில் பிடி விடுகிறது. ஓட்டுநரின் உணர்வோடு இந்தக் கோணம் முரண்பட்டால் கோணத்தை நம்புங்கள்.

இப்போது உங்கள் கார். டிஃபரன்ஷியல் இல்லாத ஆக்சிலில் இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுழலும். சக்கர இடைவெளி 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 9.1 மீட்டர் வட்டத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 14 சதவீதம் கூடுதல் தூரம் போயாக வேண்டும். ஆக்சில் அதை விடாது. உள்சக்கரம் முன்னோக்கித் தள்ள, வெளிச்சக்கரம் பின்னோக்கி இழுக்க, கார் நேராகவே போகப் பார்க்கும். 15 மீட்டர் வட்டத்தில் இதே வித்தியாசம் 8 சதவீதமாகக் குறைகிறது. இதனால்தான் இரண்டு வட்டம். சின்ன வட்டத்தில் அண்டர்ஸ்டியர் கடுமையாகவும் பெரிய வட்டத்தில் கணிசமாகக் குறைந்தும் இருந்தால் குற்றவாளி ஆக்சில். இரண்டிலும் ஒரே அளவு என்றால் முன் டயர் பிடிமானத்திலோ ரோல் விறைப்புப் பங்கீட்டிலோ (கார் சாய்வதை முன்னும் பின்னும் எவ்வளவு தடுக்கிறது என்ற பங்கு) கோளாறு. இந்த ஒரு சோதனை உங்கள் ஒரு மாதத் தேடலை மிச்சப்படுத்தும்.

ஆக்சில்தான் காரணம் என்று தெரிந்தால், வளைவின் நடுவில் உள்பக்கப் பின்சக்கரத்தின் சுமையைக் குறைக்க வேண்டும், முடிந்தால் தரையைவிட்டுச் சற்றே தூக்க வேண்டும். கார்ட்டில் நடப்பது இதுதான். இரண்டு வழி: பின் ஆன்டி-ரோல் பாரை விறைப்பாக்குவது, முன்னால் காஸ்டர் கோணத்தை (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) கூட்டுவது. காஸ்டர் அதிகமானால் ஸ்டீயரிங் திருப்பும்போது உள்பக்க முன்சக்கரம் கீழே அழுத்தி, எதிர்மூலையான வெளிப்பக்கப் பின்சக்கரத்துக்குச் சுமை போகும். உள்பக்கப் பின்சக்கரம் இலேசாகும். ஸ்டீயரிங் கனமாகும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பாரை மாற்றியும் பயனில்லை என்கிறீர்கள். ஒரு துளை ஒரு துளையாக நகர்த்தியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். முதல் சோதனையில் பாரை முழுதும் கழற்றி ஓர் ஓட்டம், முழு விறைப்பில் ஓர் ஓட்டம் என்று இரண்டு கோடியையும் பாருங்கள். இரண்டுக்கும் ஸ்டீயரிங் கோணம் மாறவே இல்லை என்றால் பார் வேலை செய்யவில்லை. லிங்க்கின் ராட்-எண்டில் (முனையிலுள்ள பந்து மூட்டு) ஆட்டம் இருக்கும், அல்லது பாரைத் தாங்கும் பிராக்கெட் வளையும், அல்லது சேசிஸே முறுக்கிக்கொள்ளும். சேசிஸைப் பார்க்க பின்பக்கத்தை ஸ்டாண்டில் கட்டி, முன்னால் நீளமான குழாயைக் குறுக்கே வைத்து, ஒரு முனையில் தெரிந்த எடையைத் தொங்கவிட்டு எத்தனை டிகிரி முறுக்குகிறது என்று டயல் கேஜில் அளக்கலாம். சேசிஸின் முறுக்கு விறைப்பு, முன்-பின் ரோல் விறைப்பின் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு இல்லாவிட்டால் பாரில் செய்யும் எந்த மாற்றமும் சக்கரத்தைச் சென்று சேராது.

டயர் வெப்பத்தை ஊசி முனையுள்ள பைரோமீட்டரால் எடுங்கள். தொடாமல் அளக்கும் அகச்சிவப்புக் கருவி மேற்பரப்பை மட்டும் காட்டும்; டயர் நின்ற சில நொடியிலேயே அது ஆறிவிடும். வெளிப்பக்க டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடம். நடு இரண்டு விளிம்புகளின் சராசரியைவிடச் சூடு என்றால் காற்று அதிகம். வெளிவிளிம்பு மிகச் சூடு என்றால் கேம்பர் (சக்கரத்தின் உச்சி உள்நோக்கிச் சாயும் அளவு) போதவில்லை.

அடுத்தது வெளியேறும்போது வெட்டுவது. இங்கேதான் டோனஹ்யூவின் மிகப் பெரிய வேலை உங்களுக்கு நேராகப் பொருந்துகிறது.

1971இல் போர்ஷே 12 சிலிண்டர் எஞ்சினுக்கு டர்போ மாட்டியது. எஞ்சின் திறனை அளக்கும் டைனமோமீட்டரில் முழு சுமையில் அபாரமான திறன். ட்ராக்கில் அதை ஓட்ட முடியவில்லை: த்ராட்டிலை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, பிறகு மொத்தமும் ஒரே அடியாக வரும். போர்ஷே பொறியாளர்கள் உச்சத் திறனையே அளந்துகொண்டிருந்தார்கள். டோனஹ்யூ பாதி த்ராட்டிலில், குறைந்த ஆர்பிஎம்மில் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். அந்தப் பகுதியை டைனமோமீட்டரில் புள்ளி புள்ளியாக அளந்து இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் எரிபொருள் அளவைத் திருத்தும்படி பிடிவாதமாக நின்றார். அந்த வேலை முடிந்த பிறகுதான் அது ஓட்டக்கூடிய காராயிற்று. அதன் அடுத்த தலைமுறையான 5.4 லிட்டர் 917/30, சுமார் 1,100 குதிரைத்திறனோடு, 1973 கேன்-ஆம் தொடரின் 8 பந்தயத்தில் 6ஐ அவருக்கு வென்று கொடுத்தது. அந்தத் திறனைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். என் கருத்தில் பாதி த்ராட்டில் வேலைதான் அந்த வெற்றியின் அடித்தளம்.

உங்கள் எஞ்சினுக்கு டர்போ இல்லை, ஆனால் விதிப்படி 20 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் குறுகிய துளை) இருக்கிறது. த்ராட்டில் பாடியின் துளை 38, 40 மி.மீ. என்று பெரிதாக இருந்தால், தட்டு மூன்றில் ஒரு பங்கு திறந்ததுமே ரெஸ்ட்ரிக்டர் விடக்கூடிய காற்றின் பெரும்பகுதி போய்விடும். மிச்சத் திறப்பு வெறும் பெடல் பயணம். ஓட்டுநர் "கொஞ்சம்" அழுத்துவதாக நினைக்கும்போது எஞ்சினுக்குப் பாதிக்கு மேல் போயிருக்கும். முழுச் சுமையையும் ஒற்றைப் பின்சக்கரம் தாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது நடந்தால் வெட்டாமல் என்ன செய்யும்?

சரிசெய்ய முதலில் சிறிய த்ராட்டில் பாடி கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் த்ராட்டில் கேபிள் சுற்றும் சக்கரத்தை வட்டமாக வைக்காமல், தொடக்கத்தில் பெரிய ஆரமும் முடிவில் சிறிய ஆரமுமாக வெட்டுங்கள். பெடலின் முதல் பாதிப் பயணத்தில் தட்டு 25 டிகிரிக்கு மேல் திறக்காதபடி தொடங்கலாம். ஒரு முக்கியமான எச்சரிக்கை: திரும்பி மூடும் ஸ்பிரிங் இரண்டும் புதிய சக்கரத்தோடு முழுதும் மூடுகிறதா என்று எஞ்சின் நிறுத்திய நிலையில் பலமுறை பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்து ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வரைபடத்தில் 5 முதல் 30 சதவீத த்ராட்டில் கட்டங்களைச் சுமையோடு ட்யூன் செய்யுங்கள். பல கல்லூரி அணிகள் முழுத் திறப்பில் மட்டும் ட்யூன் செய்துவிட்டு நிறுத்திவிடுகின்றன.

இதற்கெல்லாம் முன் பத்து நிமிட வேலை ஒன்று. பின்சக்கரத்தைத் தூக்கி, இடது-வலது விளிம்பில் பிடித்து ஆட்டுங்கள். டோ லிங்க்கில் (சக்கரம் நோக்கும் திசையைப் பிடித்து வைக்கும் கம்பி) அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் த்ராட்டில் கொடுக்கும்போது சக்கரம் தானாகவே திரும்பும், கார் வெட்டும். ராட்-எண்டை மாற்றாமல் ஸ்பிரிங்கைத் தொடுவது வீண். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு சக்கரத்தை 5 மி.மீ. படிகளில் மேலும் கீழும் 25 மி.மீ. நகர்த்தி டோ மாற்றத்தை அளங்கள். 0.1 டிகிரிக்குள் இருந்தால் நல்லது.

ஒருவரே ஓட்டுநரும் பொறியாளருமாக இருக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இருக்கலாம், ஆனால் ஓட்டும் நேரத்தில் பொறியாளர் வேறொருவராக இருக்க வேண்டும். வைசாக்கில் டோனஹ்யூவுக்கு ஹெல்முட் ஃப்ளெக்ல் போன்ற போர்ஷே பொறியாளர்கள் பக்கத்தில் இருந்தார்கள். அவர் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்யவில்லை. நல்ல ஓட்டுநர் காரின் குறையைத் தன் கைகளாலேயே ஈடுசெய்துவிடுவார், அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது. ஆகவே நீங்கள் இறங்கியதும், நேரத்தைப் பார்ப்பதற்கு முன், நுழைவு, நடு, வெளியேற்றம் மூன்றுக்கும் ஒவ்வொரு வரி எழுதுங்கள். என்ன மாற்றினோம் என்பதைச் சில ஓட்டங்களுக்கு உங்களிடமே மறைத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு முறை எதையும் மாற்றாமல் மாற்றியதாகக் காட்டி உங்களை ஓடச் செய்யட்டும். நீங்கள் "நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் உங்கள் உணர்வின் பிழை அளவு தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். நாள் முடிவில் காலையில் இருந்த செட்டப்புக்கே திரும்பி ஓர் ஓட்டம். தளமும் டயரும் எவ்வளவு மாறின என்று அதுதான் சொல்லும்.

அளந்து வேலை செய்பவருக்கு இயல்பான திறமை குறைவு என்ற பேச்சு டோனஹ்யூவைப் பற்றியும் உண்டு. 1973-74இல் ஐராக் என்ற தொடரின் முதல் பதிப்பு நடந்தது. உலகின் பெரிய ஓட்டுநர்களுக்கு ஒரே மாதிரியான போர்ஷே கரேரா ஆர்எஸ்ஆர் கார்கள். யாரும் தங்கள் காரைத் தனியாக மேம்படுத்த முடியாது. நான்கு பந்தயத்தில் மூன்றை அவர் வென்றார். அந்தப் பேச்சுக்கு இது போதும்.

எல்லைகளும் இருந்தன. பென்ஸ்கி அணி சொந்தமாகக் கட்டிய ஃபார்முலா ஒன் கார் பிசி1, 1975இல் வேகத்துக்கு வரவே இல்லை. அணி போட்டியாளரான மார்ச் நிறுவனத்தின் 751 காரை வாங்கி ஓடியது. கௌரவம் பார்க்காமல் அடுத்தவர் காரை அளவுகோலாக வைத்துக்கொண்டது சரியான முடிவு. உங்கள் வடிவமைப்பு கைகொடுக்காவிட்டால் சீனியர்களின் பழைய காரை எடுத்து அதே வட்டத்தில் அதே டயரில் ஓட்டுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குறை டயரிலா, சஸ்பென்ஷனிலா, ஓட்டுநரிடமா என்று பிரிந்துவிடும்.

அவருடைய கமாரோ கதைகளைப் படித்திருப்பீர்கள்: பாடியை அமிலத்தில் முக்கித் தகட்டை மெலிதாக்கியது, மெலிந்த கூரையின் நெளிவை மறைக்க வினைல் உறை ஒட்டியது. இவற்றைச் சாமர்த்தியமாக எடுத்துக்கொண்டு பின்பற்ற வேண்டாம். 1967இல் அந்தக் கார் குறைந்தபட்ச எடைக்கும் கீழே ஓடி வம்பில் மாட்டியது. விதிக்குள் நின்று எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: உயரத்தில் இருக்கும் எடையைக் குறைத்து, தேவைப்பட்டால் தரைக்கு அருகில் சேர்ப்பது. உங்கள் காரில் பேட்டரி, எரிபொருள் தொட்டி, எஞ்சின் ஆயில் சம்ப்பின் உயரம் மூன்றையும் பாருங்கள். ரோல் ஹூப் குழாயின் தடிமனில் ஒரு கிராம் கூடக் கைவைக்காதீர்கள்.

வேகத்தைவிட முடித்து வருவது முக்கியம் என்பதற்கு 1972 இண்டியானாபொலிஸே சான்று. அவருடைய அணித்தோழர் கேரி பெட்டன்ஹாசன் 200 சுற்றில் 138ஐ முன்னிலையில் ஓடி, இக்னிஷன் பழுதாகி நின்றார். டோனஹ்யூ கடைசி 13 சுற்று மட்டுமே முன்னிலை. மெக்லாரன் எம்16பி காரில் மணிக்கு சராசரி 162.962 மைல், அதாவது சுமார் 262 கி.மீ. வேகத்தில் வென்றார். அந்தச் சராசரி 1984 வரை சாதனையாக நின்றது. உங்கள் போட்டியிலும் 22 கி.மீ. எண்டூரன்ஸ் என்ற நீண்ட ஓட்டத்துக்குத்தான் அதிகப் புள்ளி. போட்டிக்கு முன் அதே தூரத்தைக் குறைந்தது மூன்று முறை நிற்காமல் ஓட்டியிருக்க வேண்டும். செயின் தளர்வு, ரேடியேட்டர் ஹோஸ் கிளிப், சென்சார் கனெக்டர் இந்த மூன்றில்தான் ஒற்றை சிலிண்டர் அதிர்வு முதலில் கைவைக்கும்.

அதே 1972 ஜூலையில், ரோடு அட்லாண்டா சோதனையில், 917/10இன் பின்புற பாடி ஓடும்போதே கழன்று பறந்தது. கார் சிதறியது, டோனஹ்யூவின் காலில் பலத்த அடிபட்டது. அந்த ஆண்டின் பட்டத்தை அவர் இடத்தில் ஓடிய ஜார்ஜ் ஃபால்மர் வாங்கினார். உங்கள் அணியில் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிய பின் பெயின்ட் மார்க்கரில் நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். கோடு பிசகினால் தளர்ந்திருக்கிறது. பாடி பின்களைப் பூட்டுவதும் சரிபார்ப்பதும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. கைச்சாத்து இல்லாமல் கார் நகரக் கூடாது.

அவர் இறந்த விதத்தை நீங்கள் கேட்கவில்லை, இருந்தும் எழுதுகிறேன். 1975 ஆகஸ்ட் 17, ஆஸ்திரியன் கிராண்ட் பிரீ காலைப் பயிற்சியில் டயர் பழுதாகி கார் வேலியைத் தாண்டிப் பாய்ந்தது. ட்ராக் பாதுகாப்புப் பணியாளரான ஒரு மார்ஷல் உயிரிழந்தார். டோனஹ்யூ நினைவோடு இருந்தார், பேசினார், பெரிய காயம் இல்லை என்றே தோன்றியது. பிறகு தலைவலி கடுமையானது; மூளைக்குள் இரத்தக் கசிவு. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் 19ஆம் தேதி கிராஸ் நகர மருத்துவமனையில் இறந்தார்.

ஆகவே உங்கள் அணியில் இன்றே எழுதி ஒட்டுங்கள்: தலையில் அடிபட்ட ஓட்டுநர், தனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாலும், அன்று மறுபடி காரில் ஏறக் கூடாது. மருத்துவர் பார்க்க வேண்டும். முதல் 24 மணி நேரம் தனியாக விடக் கூடாது. தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம், கண்மணிகள் அளவில் வேறுபடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சிடி ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள், இரத்தக் கசிவை அவை அதிகப்படுத்தலாம். அடி வாங்கிய ஹெல்மெட்டில் விரிசல் தெரியாவிட்டாலும் அதை மறுபடி அணியக் கூடாது. உள்ளிருக்கும் நுரை ஒரு முறைதான் நசுங்கும்.

வயதைப் பற்றி: டோனஹ்யூ கார்ட்டிங்கில் வளர்ந்தவர் அல்ல. அமெச்சூர் பட்டம் வாங்கும்போது 24 வயது. பென்ஸ்கி அணியில் சேரும்போது 29. இண்டியானாபொலிஸ் வென்றபோது 35. நடுவில் பொறியாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்: இன்றைய ஒற்றை இருக்கை பந்தயங்களில் சம்பளம் வாங்கும் ஓட்டுநராவதற்கு 20 வயது தாமதம்தான், பணமும் ஏராளமாக வேண்டும். ரேஸ் இன்ஜினியராக, டேட்டா இன்ஜினியராக, டயர் அல்லது டாம்பர் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் சேர 20 வயது மிகச் சரியான வயது. ஓட்டத் தெரிந்த பொறியாளரை அங்கே விரும்பி எடுப்பார்கள். வார இறுதியில் வாடகைக் கார்ட்டில் தொடங்கி, உரிமம் எடுத்து, உள்ளூர்ப் போட்டிகளில் ஓடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது கோப்பைகளின் படத்தைவிட, தேதி, வெப்பநிலை, காற்றழுத்தம், மாற்றம், நேரம் எல்லாம் வரிசையாக எழுதிய சோதனை நோட்டைக் கொண்டுபோங்கள்.

முதல் வேலையாகப் பின் டோ லிங்க்கின் ஆட்டத்தைப் பாருங்கள். பிறகு இரண்டு வட்டத்திலும், பார் இல்லாமலும் முழு விறைப்பிலும், இரு திசையிலும் ஓட்டுங்கள். மொத்தம் எட்டு ஓட்டம், அரை நாள் வேலை. அதற்குப் பிறகும் புரியவில்லை என்றால் அந்த எட்டு நேரங்களையும் ஸ்டீயரிங் கோணங்களையும், நான்கு சக்கர எடையையும், த்ராட்டில் பாடியின் விட்டத்தையும் எழுதி அனுப்புங்கள்.